புஹாரி ஏற்றிவந்த இருமல்

ஐந்து வருஷமாக யாரும் தொடாத மோட்டார் சைக்கிளின் இயந்திரம் சூடாக இருந்தது. கொதிக்கவில்லை, காய்ச்சல்காரனின் நெற்றியளவு சூடு. புஹாரி கையை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே சூடு. கோழி ஏதாவது ஏறி அடைகாத்திருக்கும் என்று முடிவு செய்தார். இரும்பின்மேல் கோழி அடைகாக்குமா என்று கேட்கலாம். மடுல்சீமைக் குளிரில் கோழி எதன்மேல்தான் அடைகாக்காது?

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தேயிலைப் பெட்டி அடுக்கும் பழைய ஸ்டோரில் வண்டி கிடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பதினான்காம் ஆண்டு ஜெர்மன் சண்டைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரச் சின்னதுரை, வண்டியைச் சுவரில் சாத்திவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனவர். சண்டை முடிந்தது. துரை திரும்பவில்லை.

புஹாரிக்குப் பதுளைக் கடைவீதியில் தையல் மெஷின் திருத்துகிற தொழில். தோட்டம் தோட்டமாகச் சைக்கிளை மிதித்துப் போய், பங்களாத் துரைசாணிகளின் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு, வழியில் கண்ட இடத்தில் படுத்து எழும்பி, வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். ஏழு வயது மகள் ஜெஸீமா போன வாரம் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, விருந்தாளியிடம் கேட்பதுபோல, "சீனி போடவா, வாப்பா?" என்று கேட்டாள். அது அவரைக் குத்திவிட்டது. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். மகள் கேட்காமலே சீனி போடுவாள்.

இந்த ஆசையை அவர் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்துச் சில்லறைக் கங்காணி அழகையா. பதினொரு வருஷப் பழக்கம். பதுளைக்கு வந்தால் அழகையா புஹாரியின் வீட்டில்தான் சாப்பிடுவான். ஜெஸீமாவுக்கு அவன் மாமா. அந்த அழகையாதான் ஆள் அனுப்பியிருந்தான். வண்டியை ஓட வைத்தால் வண்டி அவருக்கே. பெரியதுரையும் தலையாட்டிவிட்டார். புஹாரி நானா தன் கையால் எழுப்பி, தானே ஏறி ஓட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வர வண்டி இருக்கும் என்று புஹாரி சைக்கிளை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்.

ஸ்டோருக்குள் பழைய தேயிலைத் தூசியின் வாசனையும், அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. நோயாளி படுத்த பாயை நனைந்தபடியே சுருட்டி வைத்தால் வருமே, அது. புஹாரி சாக்கை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினார். புகைக்குழாயில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைக் குத்தி உதிர்த்தார். எலி தின்ற தோல்வாரைக் கழற்றி, கொண்டுவந்த புதிய வாரை மாட்டினார். பிளக்கின் முனையைச் சுரண்டினார். கடைசியாகக் கார்புரேட்டரைத் திறந்தார். நாட்பட்ட பெற்றோல் அதற்குள் அரக்குப்போல் காய்ந்து கிடக்கும்; அதைச் சுரண்டிவிட்டு, ஊசித்துவாரத்தை விளக்குமாற்று ஈர்க்கால் குத்தினால் பாதி வேலை முடிந்தது. இது காயவில்லை. மஞ்சளாக, கெட்டியாக, விரலோடு நூலாய் இழுபட்டு வந்தது. ஐந்து வருஷத்தில் பெற்றோல் சளியாக மாறும் என்று அன்றைக்குத்தான் அவர் தெரிந்துகொண்டார். தொழிலில் எவ்வளவோ கற்க வேண்டியிருக்கிறது.

அழகையா வாசல்படியிலேயே நின்றான். வழக்கமாக அவர் வேலை செய்தால் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, மூக்கை உள்ளே விட்டு, இது என்ன, அது எதுக்கு என்று உயிரை வாங்குபவன். இன்றைக்குத் துணி கேட்டால் கம்பு நுனியில் தொங்கவிட்டு நீட்டினான். தண்ணீர் கேட்டால் தரையில் வைத்து நகர்ந்துகொண்டான்.

"என்னா கங்காணியார், வண்டி கடிக்குமா?" என்று புஹாரி கேட்டார்.

"தொர சாமானுங்க. நமக்கு எதுக்கு," என்றான் அழகையா. சிரிக்கவில்லை.

மத்தியானம் தாண்டியதும் கீழ்ப்பள்ளத்திலிருந்து பனி ஏறி வாசலை அடைத்தது. கொண்டுவந்த பெற்றோலை ஊற்றி, கார்புரேட்டரின் தலையில் இருந்த சின்னக் கம்பியை அமுக்கி, கசியும்வரை காத்திருந்து, வண்டியை நிறுத்தியபடியே மிதித்தார். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தார். உள்ளே ஒரு மூச்சு இழுபட்டது. மூன்றாம் மிதியில் இருமியது.

வண்டி இருமுவது புஹாரிக்குப் புதிதல்ல. ஆனால் இது முதலில் கிழவனின் இருமலாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவது. அடுத்த மிதிக்கு ஒரு பொம்பிளையின் இருமல், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டதுபோல். அதற்கடுத்தது சின்னது. மெல்லியது. மூன்று இருமல், ஒரு விக்கல். மறுபடி மூன்று இருமல், ஒரு விக்கல்.

அழகையா தலைத்துண்டை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பெற்றோல் புகை, என்று நினைத்தார் புஹாரி.

நின்ற இடத்தில் வண்டி அதற்குமேல் எழும்பவில்லை. தள்ளி ஓட்டினால் பிடிக்கும், நாலுபேர் வேண்டும் என்றார். நாலுபேர் கேட்டவருக்குத் தோட்டமே வந்தது. யாரும் வண்டியில் கை வைக்கவில்லை. முன்னால் கயிறு கட்டி இழுத்தார்கள். பின்னால் மூங்கில் கழியால் உந்தினார்கள். நல்லம்மா என்ற கிழவி வண்டிக்கு முன்னால் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சக்கரத் தடத்தைப் பெண்கள் பின்னாலேயே விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பதுளையில் புது மாட்டு வண்டிக்கும் பூசணி உடைப்பதைப் புஹாரி பார்த்திருக்கிறார். ஒரு மெஷின்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

சரிவில் இயந்திரம் பிடித்துக்கொண்டது. பெருமை தாங்காமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டியபடி திரும்பிப் பார்த்தார். பனிக்குள் முந்நூறு பேர் நின்றார்கள். ஒருவரும் கையாட்டவில்லை. ஒருவர் முகமும் தெரியவில்லை. முந்நூறு முதுகுகள்தான்.

தோட்டத்து எல்லைக்கல்லுக்கு ஒரு மைல். அந்த ஒரு மைலில் வண்டி கனத்துக்கொண்டே வந்தது. பின்னால் சாமான் வைக்கும் இரும்புச்சட்டம் கிறீச்சிட்டது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு, யாரோ ஒதுங்கி இடம் கொடுத்தாற்போல், நேரானது. எல்லைக்கல்லைத் தாண்டியதும் அழகையா நிற்பதைக் கண்டார். குறுக்குப்பாதையால் ஓடி வந்திருக்கிறான். கல்லுக்கு அந்தப் பக்கம், தோட்டத்து மண்ணில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

விடைபெறலாம் என்று புஹாரி பெற்றோல் குழாயை மூடினார். இயந்திரம் நின்றது.

இருமல் நிற்கவில்லை.

பிளக் கம்பியைப் பிடுங்கினார். சக்கரம் அசையவில்லை. தோல்வார் அசையவில்லை. மூன்று இருமல், ஒரு விக்கல்.

"அழகையா. இந்தப் பக்கம் திரும்பு."

"திரும்பக் கூடாதுங்க நானா."

"இது என்ன சத்தம்?"

 அழகையா மூங்கில் புதரைப் பார்த்தபடியே சொன்னான். "போன வருஷக் காய்ச்சல்ல நாப்பத்தோரு பேருங்க. போனவங்க போகல. ராவானா லயத்து வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்து இருமுறாங்க. கேட்டவன் வீட்டுல மறுநாளு ஒரு சாவு விழும். கொஸ்லந்தைலேருந்து பூசாரி வந்து, ஆளில்லாத சாமானா ஒன்னு காட்டுங்கன்னாரு. செத்த தொர வண்டிய காட்டுனோம். எல்லாத்தையும் அதுல எறக்கிட்டாரு. ஆனா அதத் தோட்டத்தாளு எல்ல தாண்டிக் கொண்டு போகக் கூடாது. வெளியாளு, ஆசப்பட்டு, தானா ஏறிக் கொண்டு போகணும். சொல்லவும் கூடாது."

"ஊர்ல வேற ஆளே இல்லையா உனக்கு?"

"ஆசப்பட்ட ஆளு நீங்க ஒருத்தருதானே."

"எனக்கு ஜெஸீமா ஈக்கிறா. உன்ன மாமாங்கிறா."

"அந்த விக்கல் எம்மவ இராக்கம்மாங்க நானா," என்றான் அழகையா. "ஜெஸீமா வயசு. எனக்கு இன்னும் ஒரு பய மிச்சம் இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னான். பதினொரு வருஷம் தன் வீட்டுச் சோற்றைத் தின்ற முதுகு, பனிக்குள் நடந்து போவதைப் புஹாரி பார்த்துக்கொண்டு நின்றார். கல்லெடுத்து எறிந்தார். பட்டது. அவன் திரும்பவில்லை.

பிறகு அவர் செய்ததுதான் எந்த மனிதனும் செய்வது. வண்டியைப் பாதை ஓரத்துக்கு உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார். பாறையில் மோதி மோதி, தகரம் கிழிந்து, வெகு கீழே தண்ணீர் சத்தத்தோடு அடங்கியது. காதைக் கொடுத்துக் கேட்டார். காற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக் காலால் இறங்கத் தொடங்கினார். வழியில் ஒரு பள்ளிவாசலில் படுத்தார். மறுநாள் பசறையில் ஒரு மாட்டுவண்டியில் இடம் பிடித்தார்.

வெறும் வண்டி. அவரும் வண்டிக்காரனும் மட்டும். ஆனால் முதல் ஏற்றத்திலேயே மாடுகள் நுரைதள்ளி முழங்காலிட்டன. வண்டிக்காரன் இறங்கி அச்சைத் தடவிப் பார்த்தான். நாற்பது பேரை ஏற்றினாற்போல் இழுக்குதே முதலாளி, என்றான்.

புஹாரி இறங்கிக்கொண்டார். மாடுகள் உடனே எழுந்து, வாலை முறுக்கிக்கொண்டு ஓடின.

அவர் மட்டும் நின்றார். பாதையில் அவருடைய கால்தடம் இருந்தது. அதைச் சுற்றி வேறு தடங்கள். வெறுங்கால்கள். பெரியவை. சின்னவை. ஈரமானவை.

வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டைப் பூட்டச் சொல்ல வேண்டுமே. பொழுது சாயும் நேரம் தெருவுக்கு வந்தார். எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

"நளீரா. கதவச் சாத்து. தாப்பாளப் போடு. நான் வந்தாலும் தொறக்காதே."

கதவு திறந்தது. மனைவி நளீரா விளக்கோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னால் என்று பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். முகத்தில் கோபம்.

"ஜெஸீமாட வாப்பா, இது என்ன வேல? புள்ளகுட்டியோட இத்தின பேரக் கூட்டி வந்து பனியில நிப்பாட்டி வெச்சிட்டு, கதவச் சாத்தச் சொல்றீங்க. இருமுறாங்களே பாவம்." கதவின் மற்றப் பலகையையும் தள்ளித் திறந்தாள். "வாங்க. உள்ளுக்கு வாங்க. வெக்கப்படாதீங்க."

கத்தினார். இருமல்தான் வந்தது. கிழவனின் இருமல்.

விளக்கு வெளிச்சத்தில் வாசல்படி நனைந்தது. ஒரு தடம். இன்னொரு தடம். பிறகு எண்ண முடியவில்லை. நளீரா ஒதுங்கி நின்று வழிவிட்டாள். பாய்களை உதறி விரித்தாள். பாய்கள் ஒவ்வொன்றாக அமுங்கின.

ஜெஸீமா செம்பும் கோப்பையுமாக வந்தாள். சுவரோரம் வரிசையாகக் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனாள். கோப்பை நிறைந்தது. வெறுமையாகியது. நிறைந்தது. வெறுமையாகியது. கடைசியில் தரையோடு தரையாகக் குனிந்து, விக்கிக்கொண்டிருந்த யாருக்கோ வாயைத் துடைத்துவிட்டாள். ஏதோ கேட்டாள். தலையாட்டினாள்.

தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். வரிசையில் அவளளவு இடம் ஒன்று விட்டிருந்தது. போய் அதில் உட்கார்ந்தாள்.