பைக்கு ஒரு சீட்

"பைக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா, அண்ணே?"

ஜனகாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுபாங் ஜெயா ஸ்டேஷனுக்குக் காலை மழையில் ஓடிவந்து, பெண்கள் பெட்டி வரைக்கும் போக நேரமில்லாமல், எதிரே நின்ற பெட்டியில் ஏறியிருந்தாள். உள்ளே நிற்கவே இடமில்லை. அதில் ஜன்னலோரம் ஒருவன், பக்கத்து சீட்டில் தன் பையை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தான்! பார்க்க நல்ல கண்கள்தான்... இருந்து என்ன?

"சாரிங்க... ஒருத்தங்களுக்குப் பிடிச்சு வச்சிருக்கேன். கதவு மூடினதும் எடுத்துடறேன்."

என்ன திமிர்! ஆத்திரம் தாங்காமல் போனை எடுத்தாள். புலம்பக் கிடைத்தவன் விமலன்தான். அவன் மேலும் அவளுக்குக் கோபம்தான்.

கொம்யூட்டர் ரயில் பயணிகளின் சாட் குரூப்பில் பழக்கமானவன்; இதே லைனில் கிள்ளானில் ஏறுகிறவன், இவள் எங்கே ஏறுவாள் என்பதும் தெரிந்தவன். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் மெசேஜ் வந்தால் அவள் மனம் துள்ளும்... அதுதான் வம்பே. கொஞ்ச நாளாகக் காலையில் தனியாக எழுதுவான்: *உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன்*. கூடவே ஒரு கூப்பிய கை.

செய்கிற காரியத்தை இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவே எழுதுவது குரூப் வழக்கம்; செய்யாமலே யார் எதை வேண்டுமானாலும் எழுதலாமே! போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் *மோதிரம் போடுகிறேன்* என்று எழுதினான். இவளும் பைத்தியக்காரி மாதிரி கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவன் வேறொருத்திக்கு நிஜ மோதிரமே போட்டுவிட்டான். இன்னொரு தடவை ஏமாந்தால் தாங்கமாட்டாள். அதனால்தான் போன வாரம் விமலனைக் கண்டபடி திட்டினாள். பதிலுக்கு வந்தது *தலை குனிகிறேன்*. அதற்கும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையும் இடம் பிடித்தானாம்!

விறுவிறுவென்று தட்டினாள். "நீங்க சும்மா எழுத்துல இடம் பிடிக்கிறீங்க. இங்க ஒருத்தன் நெஜமாவே பைக்கு சீட் குடுத்து வச்சிருக்கான்."

ஜன்னலோரக்காரனின் போன் 'டிங்' என்றது.

அவன் படித்தான். பையைப் பார்த்தான். பிறகு அவளை... மெல்ல எழுந்து நின்றான்.

"ஜனகாவா?"

கதவு மூடிக்கொண்டது. அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அப்படியானால் அத்தனை காலையும் இந்த சீட் நிஜமாகவே காத்திருந்ததா?

"நான் செய்யறத மட்டும்தான் எழுதுவேன். நேரா கூப்பிட கூச்சம்... அதான் நட்சத்திரம்."

"திட்டினேனே, அப்புறமும் எதுக்கு?"

"என்னைக்காவது வந்துட்டா... நீங்க நிக்க வேண்டி வருமே."

அதற்கும் கோபம்தான் வந்தது.

"இத்தனை நாளா லேடீஸ் கோச்சுல நின்னுக்கிட்டேதான் போனேன், தெரியுமா? வாயைத் திறந்து சொன்னா என்ன லா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, ஜனகா. நட்சத்திரம் இல்லாம சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, அவனுக்குத் தெரியாமல் எதையோ தட்டினாள். அவன் சட்டைப்பை 'டிங்' என்றது.

*இன்னும் கோபமாக இருக்கிறாள்*

அவன் படித்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்த அவள் சிரிப்பைப் பார்த்தான்.

"பொய்," என்றான்.

"ஆமா," என்றாள் ஜனகா.