பான்ஷீயின் அழுகை

காலை 11.20. சுவேதா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது எங்கம்மா குரல்," என்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இயங்கிய சின்ன வீடியோ கேம் கம்பெனி அது. புது விளையாட்டின் கடைசி எதிரி ஒரு பான்ஷீ. அயர்லாந்துக் கதைகளில், சாவு விழப்போகும் வீட்டருகே வந்து ஓலமிடும் பெண் ஆவி. அதை வரைந்தவள் சுவேதா. குரலோடு கேட்டது இன்றுதான்.

"திங்கக்கெழம ரிலீஸ். எங்கம்மா அழ அழ ஊரே கேம்ல அவங்களச் சுடப்போவுது."

விளையாட்டில் பிழை பிடிப்பது தாட்சாயிணியின் வேலை. போன வாரம் அந்த ஓலத்தைச் சோதித்து, 'பிரமாதம், புல்லரிக்கிறது' என்று எழுதியவள் அவள்தான்.

சுவேதாவின் அப்பா இறந்து இரண்டு மாதம். அன்று சேக்காட்டிலுள்ள அவள் வீட்டுக்கு ஆபீசிலிருந்து போனவர்கள் மூன்றே பேர்: தாட்சாயிணி, ஒலி வேலை பார்க்கும் வினோத், முதலாளி நாகேந்திரன்.

எல்லோர் கண்ணும் வினோத் பக்கம் திரும்பியது.

"பொது ஃபோல்டர்ல கெடந்துச்சு. நெட்ல வாங்குனதுனு நெனச்சு எக்கோ சேர்த்தேன், அவ்ளோதான்."

"சாவு வீட்ல நீ எங்க இருந்த?" என்றாள் தாட்சாயிணி.

"தெருவுல. மோளக்காரங்க பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். உள்ள வரவே இல்ல."

நாகேந்திரன் அறையிலிருந்து வந்தார். "மனச விட்றாத சுவேதா. நான் மாலை போட்டுட்டு மூணு மணிக்கே கெளம்பிட்டேன், இல்லனா கவனிச்சிருப்பேன். பாவம், உங்கப்பா வாட்ச்சக் கழட்டுனப்போ உங்கம்மா ஒடஞ்சே போயிட்டாங்க. அதப் போய்ப் பதிவு பண்ண எவனுக்கு மனசு வந்துச்சோ."

12.05. எக்கோ சேர்க்காத மூலப் பதிவை தாட்சாயிணி மூன்று முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் முகம் சுட்டது. மேளம் எங்கோ தூரத்தில். காதருகே சீரான ஓர் இரைச்சல். பன்னிரண்டாம் நொடியில் அது சட்டென நின்றது. அதன் பிறகுதான் அந்த அழுகை.

"வினோத் இல்ல," என்று எழுந்தாள். "அவன் தெருவுலயே நின்னது வாசல் வழியா எனக்குத் தெரிஞ்சுது. அங்க பதிவு பண்ணிருந்தா மோளம் காதக் கிழிச்சிருக்கும். இந்த இரைச்சல் அப்பாவ வெச்சிருந்த ஐஸ் பெட்டி மோட்டார். பெட்டிய ஒட்டி நின்னு எடுத்திருக்காங்க. மோட்டார் நின்னது, பிளக்கப் புடுங்கி பெட்டியத் தொறந்த நேரம். அது எத்தன மணி சுவேதா?"

"நாலே கால்."

"வாட்ச்சக் கழட்டுனது?"

"தொறந்தப்புறம்தான். மாமா கழட்டுனாரு."

தாட்சாயிணி திரும்பினாள். "மூணு மணிக்குக் கெளம்புனவருக்கு வாட்ச் விஷயம் எப்படி சார் தெரியும்?"

"யாரோ சொன்னாங்க..."

"நம்ம ஆபீஸ் ஆளுங்கள்ல அந்த ரூம்ல இருந்தது நான் ஒருத்திதான்னு நெனச்சேன். நானும் சொல்லல, சுவேதாவும் சொல்லல. எனக்குப் பின்னாடி நின்னுருக்கீங்க."

நாகேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "போன் சட்டப்பைலதான் இருந்துச்சு, பெட்டியத் தொறக்கப்போறப்பவே பதிவப் போட்டுட்டேன். அப்படி ஒரு அழுகைய எந்த நடிகை குடுப்பானு தோணிச்சு. தப்புதான்மா. இப்பவே அழிச்சிடறேன்." அவரால் சுவேதாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுவேதா அவரைக் கவனிக்கவே இல்லை.

"அக்கா, நீங்க எங்கம்மா தோளப் புடிச்சுகினுதானே உக்காந்திருந்தீங்க? ஒங்களுக்குக்கூட அடையாளம் தெரியலயா?"

எக்கோ சேர்த்திருந்தது என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. தாட்சாயிணி அதை விழுங்கினாள்.

"தெரியல சுவேதா. நல்லா இருக்குனு எழுதிக் குடுத்தேன்."