ஸ்டெபனி தனியாகத்தான் போனாள்

போனில் மகளின் முழங்கால் வரைக்கும் தெரிந்தது. கிளடிசுக்கு உறுத்தியது அதுதான். ஸ்டெபனி வீடியோவில் பேசினால் வழக்கமாக நெற்றியும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். இன்றைக்கோ, படகில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருப்பவளை யாரோ எதிரே இருந்து ஆற அமரப் படம் பிடிப்பதுபோல் இருந்தது.

கூடப் போன பெடியன்தான், வேறு யார்? தனியாக ஜப்பான் பார்க்கப் போகிறேன் என்று அவள் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து புறப்பட்ட நாள்முதல் கிளடிசுக்கு இருந்த சந்தேகம் அது.

இங்கே இரவுச் சமையல், அங்கே காலை வெயில். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சவாரா என்றொரு பழைய ஆற்றங்கரை ஊராம். மகளுக்குப் பின்னால் கறுத்த மரத்தாலான கடைகளும், தண்ணீரைத் தொடும் கிளைகளும், நீளக் கழியை இரண்டு கையாலும் ஊன்றும் படகுக்காரரும் தெரிந்தார்கள்.

"உவன் ஆரடி?"

"எவன்?"

"படம் எடுக்கிறவன்."

"ஓ மை கோட், அம்மா. போட்காரரும் நானும்தான்."

கிளடிஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். மகளின் குரல் தள்ளியிருந்து வந்தது. அதைவிடக் கிட்டத்தில், போனோடு ஒட்டி, சளி கட்டியதுபோல ஈரமாக, மெதுவாக, யாரோ மூச்சு விட்டார்கள். நெத்தலி பொரித்த வாடைக்கு மேலால் அடுப்படியில் சேறு மணத்தது.

"போட்டில ஏறேக்க சப்பாத்து கழட்டவேணும் எண்டு சொன்னாய். எத்தினை சோடி கிடக்கு? காட்டு."

கிளடிஸ் போனைத் திரும்பக் கண்முன் பிடித்தாள். ஸ்டெபனி அசையவில்லை. படம்தான் தானாகக் கீழே இறங்கிப் படகின் ஓரத்தைக் காட்டியது. கிளடிஸ் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து. ஒரே சோடி. படம் திரும்ப மகளிடம் ஏறியது.

மாதாவே, ஒரு பெடியன் இருந்தால் போதும். அவனையே கட்டிக்கொடுக்கிறேன்.

பின்னால் படகுக்காரர் கழியூன்றுவதை நிறுத்தியிருந்தார். மகளைத் தாண்டி, போன் இருந்த பக்கமாகப் பார்த்தார். ஓரடி பின்வாங்கினார்.

"பிள்ளை, போனை எதில சாத்தி வைச்சிருக்கிறாய்?"

"சாத்தேல்லை. கையிலதான்."

"கையைக் காட்டு."

"எந்தக் கை?" சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கி விரித்தாள்.

வெறுங்கை.

படம் ஆடவில்லை.

ஸ்டெபனி தன் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மெல்ல நிமிர்ந்து, போனுக்குச் சற்று மேலே பார்த்தாள். உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஸ்டெபனி!"

படம் அவளை நெருங்கத் தொடங்கியது.