இமையர் கண் மூடும் நேரம்

"வலது கண்ண மூடிக்கோங்க. இடது கண்ணால படிங்க."

அவன் படிக்கவில்லை.

எதிர்ச் சுவரில் தொங்கிய கண்ணாடியில், பின்சுவர் அட்டையின் எழுத்துகள் பிரதிபலித்து வரிசை கட்டி நின்றன... யானை அளவில் தொடங்கி எறும்பு அளவு வரை. அவன் பார்வையோ அதையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணாடியின் கீழ் இடது மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே என்ன இருக்கிறது? சாய்வாக மாட்டிய ஒரு ஸ்டீல் கிளிப். அவ்வளவுதான்.

"சார்... எழுத்து மேல இருக்கு."

"ஆங்... தெரியுது மேடம்."

கடகடவென்று ஒப்பித்தான். கடைசிக்கு முந்தின வரியில்தான் கொஞ்சம் திணறினான். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். இப்போதெல்லாம் எந்த ஆண் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இப்படித்தான்... இவனா? இந்தக் குரலா?

ஒன்பது நாளாக இதே பாடு.

அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். அதற்கென்றே படித்தவள். நாளைக்கு இருபது பேரை இருட்டறையில் உட்காரவைத்து, அரையடி தூரத்தில் நின்று அவர்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் வேலை. பயந்தவளுக்கு ஆகிற வேலையா இது?

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. இவனை உள்ளே அனுப்பியதே அண்ணன்தான். "சுவர்க்கண்ணாடி மாத்த வந்த தம்பி, பாப்பா. தலைவலிங்கறாரு. வேலைய அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கண்ணப் பாத்துடு" என்றார். அண்ணன் எதிரில் தலைவலி என்று சொன்னவர் யாரும் பரிசோதனை இல்லாமல் தப்பியதில்லை.

சரி... அவளுக்கு அப்படி என்ன பயம்? அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஒரு ரகசியம் உண்டு. மதியம் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போகும் ஒரு மணி நேரம், இந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பாள். 'கடைசிச் சுற்றுப்பாதை' என்று ஒரு வீடியோ கேம். ஒரு விண்கலம். பதினோரு வேற்றுக்கிரக இனங்கள். நாமே கேப்டனாகிக் கிரகம் கிரகமாகப் போய் அவர்களோடு பேசிப் பழக வேண்டும். 'தூரப்பார்வை' என்ற புனைபெயரில் அதைப் பற்றி நான்கு வருடமாக இணையத்தில் விமர்சனம் எழுதுகிறாள். இனங்களுக்கெல்லாம் தமிழில் பெயர் வைத்ததே அவள்தான். ஏழு வாயால் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தார்... "விசேஷ வீட்டில் சித்தப்பாக்களிடம் வழி கேட்ட மாதிரி இருக்கிறது" என்று எழுதினாள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கல்மனிதர்கள்.

அப்புறம்... இமையர். அவள் உயிரையே வைத்திருந்த இனம். மெலிந்த கழுத்து, முகத்தில் பாதி கண். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்ட ஜீவன்கள் என்பதால் தூங்கும்போதுகூடக் கண்ணை மூட மாட்டார்கள். அறுபது மணி நேரம் பொறுமையாகப் பழகினால், ஒரே ஒரு இமையர் உங்கள் முன்னால் இரண்டு கண்ணையும் மூடும். அவர்களுக்கு அதுதான் காதல். "பயம் போன பிறகுதான் இமையர் கண் மூடும்" என்று எழுதியிருந்தாள்.

அதற்குத்தான் 'சில்லு' என்ற பெயரில் ஓர் ஆள் வந்து மல்லுக்கு நின்றது. "பயம் போனப்புறம் மூடறதுல என்ன பெருசா இருக்கு? பயத்தோட மூடுதுங்க. அதான் விஷயம்." அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. அவள் எதை எழுதினாலும் முதல் ஆளாக வந்து வம்பிழுப்பது சில்லுதான். அந்த வம்புக்காகவே அவள் எழுதினாள் என்றும் சொல்லலாம்... அவளைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பத்து நாளுக்கு முன்னால் லேப்டாப்பை போனில் படமெடுத்துப் போட்டாள். பின்னால் இந்தச் சுவர்க்கண்ணாடியும் எழுத்துகளும் சேர்ந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் சில்லுவிடமிருந்து தனியாக ஒரு செய்தி.

"படத்துல உங்க ரூம் தெரியுது. எடுத்துடுங்க. எந்தக் கடைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஈரக்குலை நடுங்கிவிட்டது. படத்தை நீக்கினாள். எழுதுவதை நிறுத்தினாள். வீட்டுக்குத் தெரு மாற்றித் தெரு போனாள். படிப்பு முடித்த வருடம் எவனோ ஒருவன் அவள் படத்தைத் திருடி இணையத்தில் கண்டபடி எழுதிப் போட்டு, குடும்பமே வீடு மாற வேண்டியதாயிற்று. அண்ணன் நாற்பது நாள் சரியாகத் தூங்கவில்லை. 'இனிமே நெட்டுல என் பேரே வராதுண்ணா' என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவள் அவள். பேர் வரவில்லைதான். புனைபெயர்தானே வந்தது? அண்ணனிடம் இந்தச் சமாதானம் எடுபடுமா? தெரிந்தால் எழுத்தும் போகும், அண்ணன் அவள்மேல் வைத்த நம்பிக்கையும் போகும்.

"கண்ணுக்குள்ள லைட் அடிப்பேன். ஆடாம இருங்க."

குனிந்தாள். பழுப்பு விழி... இடது விழியின் ஓரத்தில் மிளகைத் தட்டிப் போட்ட மாதிரி ஒரு சின்னப் புள்ளி. அழகான கண்தான்... சே, இந்த நேரத்தில் இது என்ன நினைப்பு? சட்டென்று நிமிர்ந்தாள். அவன் மடியில் கிடந்த சாவிக்கொத்து அப்போதுதான் வெளிச்சத்தில் பட்டது.

அதில் ஒரு பொம்மை. மெலிந்த கழுத்து. முகத்தில் பாதி கண்.

இமையர்.

கையிலிருந்த விளக்கு நழுவித் தரையில் உருண்டது. அவன்தான். வந்துவிட்டான். கத்தலாமா? கத்தினால் அண்ணன் ஓடி வருவார். 'யாரிவன், உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார். கத்தாவிட்டால்... கதவு அவன் பக்கம் அல்லவா இருக்கிறது.

அவன் குனிந்து விளக்கை எடுத்து நீட்டினான். விரல் முழுக்கப் பழைய வெட்டுத் தழும்புகள்.

"இந்தாங்க மேடம். உங்க அண்ணன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். நேர்ல கேட்டா கோச்சுக்குவாரா?"

"எ... என்ன விஷயம்?"

"எழுதறத ஏன் நிறுத்திட்டாருன்னு."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். தூரப்பார்வை." அவள் விழிப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அய்யய்யோ... வீட்டுக்குத் தெரியாம எழுதறாரா? நான்தான் உளறிட்டனா?"

மீசையும் தொந்தியுமாக அண்ணன் விண்கலம் ஓட்டுகிற காட்சி அவள் கண்முன் வந்து நின்றது. சிரிப்பு வந்தது. பயமும் வந்தது.

"அண்ணன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"இந்தக் கண்ணாடிய போன வருஷம் மாட்டினதே நான்தான் மேடம். மாட்டும்போது அந்த மூலைல ஒரு சில்லு பேந்துடுச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, கிளிப்ப சாய்ச்சுப் போட்டு மறைச்சுட்டேன். அன்னிக்கு அண்ணன் ஒருத்தர்தான் கடைல இருந்தாரு." மூலையைக் காட்டினான். "படத்துல அந்த கிளிப்பப் பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. நான் பண்ண தப்பு எனக்குத் தெரியாதா? வேற எவனும் கண்டுபிடிச்சுடக் கூடாதேன்னு எடுக்கச் சொன்னேன். ஆளையே காணோம். சரி, இந்தக் கண்ணாடியவே கழட்டிட்டா, அந்தப் படத்த வெச்சு யாரும் இங்க வர முடியாதுல்ல? அதான் புதுசா ஒண்ணு வெட்டிட்டு வந்தேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதி."

எழுந்தான். கதவுப் பிடியில் கை வைத்தான்.

அந்த ஒரு வார்த்தை போதுமே... எல்லாம் போய்விடும்.

"போகாதீங்க. அது... அண்ணன் இல்ல."

அவன் திரும்பினான்.

"நீங்களா?"

தலையை அசைத்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்... திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கண்டவன் மாதிரி. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஒன்பது நாள் பயமும் கோபமாகப் பொங்கியது.

"எந்தக் கடைன்னு தெரிஞ்சுபோச்சுன்னு எழுதினீங்களே... படிக்கறது ஒரு பொண்ணா இருந்தா அவ என்ன ஆவான்னு யோசிச்சீங்களா? இந்த நாற்காலில உக்காந்த ஒவ்வொருத்தரையும் நீங்களோ நீங்களோன்னு பாத்துச் செத்தேன். முகம் தெரியாதவங்கள்ல நான் நம்பின ஒரே பேரு சில்லு."

அவன் முகம் செத்துவிட்டது.

"யோசிக்கல. மீசை வெச்ச ஒருத்தருக்கு எழுதறதாத்தான் நெனச்சேன். தப்புதான்... பெரிய தப்பு. அண்ணன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். புதுச மாட்டிட்டு, பழசக் கழட்டிக்கிட்டுப் போயிடறேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

"வராதீங்க" என்றாள்.

வாய்தான் சொன்னது.

அரைமணி நேரத்தில் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பழையதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். அண்ணனுக்காக மீதிச் சோதனையையும் முடித்து அவள் எழுதிக்கொடுத்த மூக்குக்கண்ணாடி நாலாம் நாள் தயாராகி வந்தது. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று... அது தட்டிலேயே கிடந்தது.

"மூணு தடவ போன் பண்ணிட்டேன், வேல இருக்குங்கறான்" என்று அண்ணன் புலம்பினார். "தலைவலிக்காரன் கண்ணாடி வாங்க வராம இருப்பானா? நீ ஏதாச்சும் சொன்னியா பாப்பா?"

அவள் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். பழைய பயம் குறையத்தான் செய்தது. கதவு மணி அடித்தால் இப்போது நெஞ்சு திடுக்கிடுவது வேறு காரணத்துக்கு... வந்துவிட்டானோ என்று. வராமலே போய்விடுவானோ என்று. புதுக் கண்ணாடியில் ஒரு குறை இல்லை, மூலை நான்கும் சுத்தம். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. வம்பிழுக்க ஆளில்லாமல் யாருக்கு எழுதுவது?

ஒரு நாள் மதியம் சாப்பிட்டு வந்த அண்ணனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியத்தில் தொடங்கிச் சில்லு வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். அப்போதும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடை மூடும் நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார்.

"அதுல என்னப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?"

"கல்மனுஷங்கன்னு ஒரு இனம் இருக்குண்ணா... பதில் சொல்ல நாலு மணி நேரம் ஆகும்."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது.

"சத்தியத்த மீறிட்ட. அதுல எனக்கு வருத்தம்தான், இல்லேங்கல. ஆனா மனசுல கெட்டது இருக்கறவன் படத்த எடுன்னு சொல்ல மாட்டான் பாப்பா. கண்ணாடிய மாத்திட்டுப் போயிருக்க மாட்டான். வரச் சொல்லு. நான் முன்னாடிதான் உக்காந்திருப்பேன்."

அன்றைக்கே சில்லுவுக்கு ஒரு செய்தி போட்டாள். "கண்ணாடி ரெடி. அண்ணனுக்குத் தெரியும். வாங்க."

மறுநாள் வந்தான். மறுபடியும் மழை... சட்டை தோளில் ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில், பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். கதவு முழுக்கத் திறந்திருந்தது. அவன்தான் திறந்து வைத்தான். அதை அவள் கவனித்தாள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். விரல் நடுங்கியது.

"இன்னும் பயமா இருக்கா?" என்றான் மெல்ல.

"இருக்கு."

"அப்ப நான் கிளம்பிடறேங்க..."

"உக்காருங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இமையர் சண்டைல நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் எழுதினது தப்பு. பயம் போகறதுக்காகக் காத்துக்கிட்டிருந்தா அது எப்பவும் கண்ண மூடாது."

அரையடி தூரம். அவன் விழியோரத்துப் புள்ளியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு கண்ணையும் மூடினாள்.

இருட்டு. காது மட்டும் விழித்திருந்தது. மழை... முன்கடையில் அண்ணன் இருமல்... நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டானா? கிட்டே வருகிறானா? நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் கண்ணைத் திறந்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியே வைத்திருந்தாள்.

"ஏங்க..." அவன் குரல் நாற்காலியிலிருந்துதான் வந்தது. "நானும் மூடிட்டேன். நீங்க பாக்கலாம்."

பார்த்தாள். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தான். வெட்டுத் தழும்பு விரல்கள் அவள் விரல்களைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தன.

"தொறக்காதீங்க" என்றாள். "தொறந்தா எனக்குச் சொல்ல வராது... உங்களப் பிடிச்சிருக்கு. யாருன்னு தெரியாதப்பவே பிடிச்சிருந்தது. இப்ப இன்னும் பிடிச்சிருக்கு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் மட்டும் நனைந்தது.

"எனக்கும்தாங்க. நீங்க வராதீங்கன்னு சொன்னப்புறம், இந்த ரெண்டு வாரமும்... நான் இமையர் மாதிரிதான் இருந்தேன். ராத்திரிகூடக் கண்ண மூடல."