ரத்து செய்த அழைப்புகள்

ரத்து செய்த கோரிக்கைக்குப் பதில் வரக் கூடாது. வந்திருந்தது. "ஏற்றுக்கொண்டேன். கிளம்பிவிட்டேன்."

வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் செயலி அது. இன்னும் வெளியாகவே இல்லை. பேருக்கு ஒரு ஆயாகூட அதில் பதிவு செய்திருக்கவில்லை. அதை எழுதுகிற மகராசன் சோதனைக்காகத் தன் வீட்டு முகவரியையே போட்டு, சாயங்காலம் முழுக்க அழைப்பதும் ரத்து செய்வதுமாக இருந்தான். ரத்து என்றால் போன் பதிலுக்குக் காத்திருப்பதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். போன கோரிக்கை போனதுதான். சர்வருக்குப் போய் 'வேண்டாம்' என்று சொல்லும் வரிகளை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தான்.

எல்லோரும் கிளம்பிப்போன அலுவலகத்தில் ஏசி மட்டும் சளி கட்டிய நெஞ்சுபோல இழுத்துக்கொண்டிருக்க, ஆறிப்போன காபியின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும் தொண்டையைக் கமறச் செய்ய, மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. மனைவி.

"நீங்க அனுப்பின அம்மா வந்துட்டாங்க. அழுதுட்டே இருந்த பாப்பா, அவங்க தூக்கினதும் கப்புனு அடங்கிட்டா."

"நான் யாரையும் அனுப்பலயே! முதல்ல பாப்பாவ வாங்கு."

"இருங்க, மறுபடி பெல் அடிக்குது." கதவு திறக்கும் சத்தம். "என்னங்க... வெளியிலயும் அவங்கதான் நிக்கிறாங்க."

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். திரையில் பதில்கள் வந்து விழுந்தன. வந்துவிட்டேன். வந்துவிட்டேன். வந்துவிட்டேன். அந்தப் பக்கம் பெல் சத்தம் நிற்கவே இல்லை.

போனைத் துண்டித்துவிட்டு, விட்டுப்போன வரிகளை எழுதினான். நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய். சர்வரிடமே சொல். அனுப்பினான்.

அதற்குள் மனைவி வீடியோவில் வந்தாள்.

கூடத்தில் சுவரோரமாக வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே முகம். ஒரே சாம்பல் உடை. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பாப்பா. அதே மஞ்சள் சட்டை. நெற்றியில், காலையில் கட்டிலில் இடித்துக்கொண்ட அதே வீக்கம்.

"இதுல நம்ம பாப்பா எதுங்க?" மனைவியின் குரல் உடைந்தது. "எல்லாமே என்னைப் பாத்துதான் சிரிக்குதுங்க."

கணினித் திரை சொன்னது: ரத்து ஏற்கப்பட்டது. அனைத்தும்.

ஓரத்தில் இருந்தவள் எழுந்தாள். அடுத்தவள். அடுத்தவள். பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள்.

"புடி! ஒண்ணயாவது புடி!"

மனைவி பாய்ந்து ஒருத்தியிடமிருந்து பிடுங்கினாள். வெறும் மஞ்சள் சட்டைதான் கையோடு வந்தது. மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் தோள்களுக்கு மேலே அத்தனை பாப்பாக்களும் அம்மாவை நோக்கிக் கை நீட்டி, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு போயின.