அத்தை கைக்கு மட்டும் ஓடும் இயந்திரம்

“கையுறையை எடுத்துக் குழாய்களில் மாட்டவும். எழுதிட்டியா?” என்றாள் அத்தை.

“எந்தக் கையால எடுக்கணும்?” என்று கேட்டேன்.

அத்தை கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அவள் எதையாவது மெதுவாக வைத்தால்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

“ஏதோ ஒரு கையால எடுடி!”

“‘ஏதோ ஒரு கையால எடுடி’ன்னு எழுதவா?”

“அண்ணா! உன் பொண்ணை உள்ள கூப்பிட்டுக்கோ. இல்லைன்னா நான் வீட்டை விட்டே போயிடுவேன்!”

உள்ளேயிருந்து அப்பா, “போறதுக்கு முன்னாடி என் கடிகாரத்தைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போ,” என்றார்.

வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர். ‘தட்டைக் கழுவி வை’ என்று அம்மா சொன்னால் தட்டைக் கழுவி வைப்பேன். டம்ளர்கள் அப்படியே கிடக்கும். ‘டம்ளரையும்தான்னு உனக்குத் தெரியாதா?’ என்று கேட்டால், ‘நீ சொல்லலையே’ என்பேன். இதற்காக நான் வாங்கிய திட்டுகளைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும்.

இருந்தாலும் எழுதும் வேலை எனக்குத்தான் வந்தது. அத்தையின் கையெழுத்து, கோழி கிளறிப்போட்ட குப்பை மாதிரி இருக்கும். அவளுக்கே அடுத்த நாள் படிக்க வராது.

எங்கள் வீட்டு முன்னறையில் அத்தை தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஆலைகளில் வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்வார்களே, தடித்த துணிக் கையுறை, அதுதான். தைக்கும்போது அதன் உள்பக்கம் வெளியே இருக்கும். தைத்து முடித்ததும் ஒவ்வொரு விரலாகக் குச்சியால் குத்தித் திருப்ப வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு அறுநூறு கையுறை திருப்புகிறாள். அப்படியென்றால் மூவாயிரம் விரல்! மாலையில் வீட்டுக்கு வரும்போது அம்மாவால் தன் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாது.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தை இரண்டு வருடம் உட்கார்ந்து ஓர் இயந்திரம் செய்தாள். விரித்த கைபோல ஐந்து குழாய்கள் நிற்கும். கையுறையை அவற்றின்மேல் மாட்ட வேண்டும். காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து ஐந்து கம்பிகள் இறங்கி, ஐந்து விரல்நுனிகளையும் குழாய்க்குள் தள்ளும். பிறகு கையுறையை உருவினால் ஐந்து விரலும் ஒரே நேரத்தில் திரும்பியிருக்கும்.

திங்கட்கிழமை பெரிய இயந்திரக் கண்காட்சி. அதில் அத்தைக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. ஆனால் அதற்கு முன்னால் காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ‘இதை முதலில் கண்டுபிடித்தது நான், என்னைக் கேட்காமல் யாரும் செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்கும் உரிமை அது. விண்ணப்பம் போகாமல் ஊருக்குக் காட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். அத்தை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை நானும் அத்தையும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு காப்புரிமை முகவரிடம் போனோம். விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவது அவர் வேலை. அத்தை ஒரு கையுறையை மாட்டி மிதித்தாள். ஓடியது. முகவர் மாட்டி மிதித்தார்.

‘கறக்’.

இரண்டு விரல் உள்ளே போனது. மூன்று விரல் சிக்கிக்கொண்டது. அத்தை மறுபடி செய்தாள். ஓடியது. அவர் மறுபடி செய்தார். ‘கறக்’.

“அம்மா, உங்க கையில ஓடுது. என் கையில ஓடலை,” என்றார் முகவர். “காப்புரிமை மெஷினுக்குத்தான் கேக்குறோம், உங்க கைக்கு இல்ல. உங்களைப் பாக்காத ஒருத்தர், நீங்க எழுதினதைப் படிச்சுச் செஞ்சாலும் ஓடணும். எழுதினதுல ஏதோ விட்டுப்போயிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணிக் கொண்டு வாங்க.”

வழி முழுக்க அத்தை புலம்பினாள். “பேனா பிடிச்சே பழகின கை! கையுறைன்னா என்னன்னு தெரியுமா அந்த ஆளுக்கு? நான் எதையும் விடலை!”

இப்போது வியாழக்கிழமை மாலை. ஆறாவது தடவையாக நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அத்தை, இதுல எழுதியிருக்கறபடி நானே செஞ்சு பாக்கட்டுமா?”

இயந்திரத்தில் போட்டுப் பார்க்க அம்மா கொண்டுவந்து வைக்கும் கையுறைகளை என்னைத் தொட விட்டதே இல்லை. ‘நீ படிக்கிற வேலையைப் பாரு’ என்பாள். இன்று அம்மா இன்னும் வரவில்லை. எழுதியதை வரி வரியாகப் படித்து, அப்படியே செய்தேன். கையுறையை எடுத்தேன். மாட்டினேன். மிதித்தேன்.

‘கறக்’.

“நீ சரியா மாட்டலை,” என்றாள் அத்தை.

“‘சரியா மாட்டவும்’னு இதுல இல்லையே.”

அத்தை என்னை நகர்த்திவிட்டுத் தானே செய்தாள். ஓடியது. மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா, பேருந்து ஓட்டுநர் சீருடையோடு வந்து தானும் முயன்றார். ‘கறக்’. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் ஒரு கையுறையை எடுத்து மாட்டி மிதித்தாள். ஓடியது.

“பாத்தீங்களா! அண்ணி கையிலயும் ஓடுது!” என்று அத்தை குதித்தாள்.

“அப்போ பொம்பளைங்க கைக்கு மட்டும் ஓடுற மெஷின் இது,” என்றார் அப்பா.

“அப்போ நான் யாரு?” என்றேன் நான்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

“அத்தை, இன்னொரு தடவை செய்யுங்க. நீங்க சொல்றதை எழுத மாட்டேன். செய்யறதை மட்டும் எழுதுவேன்.”

“இதோ மூக்கைச் சொறியறேன். அதையும் எழுது!”

எழுதினேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினாள். முடித்ததும் படித்துக் காட்டினேன்:

“‘மூக்கைச் சொறிந்தாள். கையுறையை எடுத்தாள். ஒரு உதறு உதறினாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதினாள். குழாயில் மாட்டினாள்...’”

“நிறுத்து. யாரு ஊதினது?”

“நீங்கதான்.”

“நான் எதுக்குடி ஊதணும்? அது என்ன சூடான பாலா?”

“ஊதினீங்க. அம்மாவும் ஊதினா.”

“நானா? நான் ஏன் ஊதப்போறேன்?” என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு கையுறையை எடுத்து உதறி, “ஃபூ” என்று ஊதினாள்.

அப்பா சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி கீழே விழுந்தது.

பிறகுதான் அம்மாவுக்கே புரிந்தது. புதிதாகத் தைத்த கையுறையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஊதினால் விரிந்து கொடுக்கும். தொழிற்சாலையில் எல்லாரும் ஊதுவார்கள். ஒன்பது வருடமாக ஊதி ஊதி, கண் சிமிட்டுவதுபோல ஆகிவிட்டது. இயந்திரம் செய்த இரண்டு வருடமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில் அந்தப் பழக்கம் அத்தைக்கும் ஒட்டிக்கொண்டது.

அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ஊதினதுக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை.”

“அப்படின்னா வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டுச் செய்யுங்க. அப்போ ஊத முடியாதுல்ல?”

அத்தை ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள். இரண்டு கன்னமும் பூசணிக்காய்போல உப்பின. கையுறையை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். முறைத்துக்கொண்டே கீழே இறக்கினாள். மாட்டினாள். மிதித்தாள்.

‘கறக்’.

அத்தைக்குக் கத்தாமல் இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தாள். தண்ணீர் முழுவதும் அப்பாவின் சீருடைமேல்.

“இன்னைக்கு மழைன்னு யாரும் சொல்லவே இல்லையே,” என்று அப்பா வேறு சட்டை தேடிப் போனார்.

நான் ஒரு கையுறையை எடுத்து நன்றாக ஊதினேன். மாட்டினேன். மிதித்தேன். ஐந்து விரலும் அழகாகத் திரும்பின!

“எழுதுடி, எழுது!” என்றாள் அத்தை. “‘கையுறைக்குள் வாயால் நன்றாக ஊதவும்.’ அவ்வளவுதான், முடிஞ்சது!”

பேனாவை எடுத்தேன். நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. துப்பினேன். பஞ்சு. தொண்டையிலும் கரகரவென்று இருந்தது. குழாயடியில் அம்மா முகம் கழுவிக்கொண்டே இருமினாள். எப்போதும் இருமுகிற இருமல்தான். இன்றுதான் அதைக் கவனித்துக் கேட்டேன்.

“அம்மா, இந்தப் பஞ்சு உன் வாய்க்குள்ளயும் போகுமா?”

“போகத்தான் செய்யும். அங்க எல்லாருமேதான் இருமுறோம். பழகிப்போச்சு, கண்ணு.”

நான் பேனாவை மூடினேன்.

“இதை நான் எழுத மாட்டேன்.”

“என்னது?” அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். “நாளைக்கு வெள்ளிக்கிழமைடி! திங்கட்கிழமை மேசையை விட்டுட்டா, அப்புறம் எனக்கு எப்போ கிடைக்குமோ!”

“அம்மாவுக்காகத்தானே மெஷின் செஞ்சீங்க? அம்மா நாள் முழுக்க ஊதிக்கிட்டே இருந்தா அது என்ன மெஷின்?”

அத்தை இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “வாயால ஊதாம? மூக்காலயா ஊதுறது?” என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

நான் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தேன்.

“அத்தை, இந்தக் குழாய் உள்ள காலியாத்தானே இருக்கு?”

“காலியா இல்லாம? கம்பி போக வேண்டாமா?”

“அடியில?”

“அடியிலயும் திறந்துதான்...” அத்தை நிறுத்தினாள். குனிந்து இயந்திரத்தின் அடியைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அடியிலிருந்து காத்து விட்டா...”

“குழாயே ஊதும்!” என்றேன்.

என் பந்துக்குக் காற்றடிக்கும் கால்பம்ப் மூலையில் கிடந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அத்தை அதைப் பிரித்துவிட்டாள். ரப்பர் குழாய், ஒட்டுப்பசை, நான்கு திருகாணி. சாப்பாடு ஆறிப்போவதற்குள் பம்பு மிதியோடு சேர்ந்துவிட்டது. பாதி மிதித்தால் காற்று வரும். முழுக்க மிதித்தால் கம்பி இறங்கும்.

அப்புறம் ஏழாவது தடவையாகப் பதினொரு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினேன். எந்தக் கையால் எடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோது அத்தை ஸ்பேனரைத் தொடவில்லை. யோசித்து, “இடது கை,” என்றாள். கடைசிப் பக்கத்தில் ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

“அதுக்குக் கீழ உன் பேரையும் எழுது.”

“நான் எதையும் கண்டுபிடிக்கலையே. குழாய் காலியா இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்.”

“அதுதான்டி கண்டுபிடிப்பு. இதுக்கும் வாதாடாதே, எழுது!”

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஓடினோம். முகவர் முன்னால் இயந்திரத்தையும் ஒரு பை நிறையக் கையுறைகளையும் வைத்தோம். அத்தையைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் என் எழுத்தை மட்டும் படித்துச் செய்தார்.

“‘இடது கையால் கையுறையை எடுக்கவும்.’ அட, எந்தக் கைன்னுகூட இருக்கே! ‘மாட்டியதும் மிதியைப் பாதி அழுத்தவும்.’”

அழுத்தினார். கையுறையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுந்தன. கட்டைவிரல் கடைசியாக, சோம்பலாக எழுந்தது. முகவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். முழுக்க அழுத்தினார். உருவினார். ஐந்து விரலும் திரும்பியிருந்தன.

“ஓடுது!” என்றார்.

“அப்போ அனுப்பிடுங்க, சார்,” என்றாள் அத்தை.

“இன்னொரு தடவை பாத்துடுறேன்.”

இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை. கட்டைவிரல் எழும்போதெல்லாம் “எழுந்திரு, எழுந்திரு” என்று அதனிடம் பேசினார்.

“சார், மணி நாலே முக்கால்.”

“ஒண்ணே ஒண்ணு, அம்மா.”

“சார், அஞ்சாகப் போகுது!”

“சோதனைன்னா முழுசாச் செய்யணும்ல?”

அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. இனி ஒரு நொடி போனால் அவள் எதையாவது மெதுவாகக் கீழே வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சத்தமில்லாமல் பையை இழுத்து என் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

முகவர் பார்க்காமலே கையை நீட்டித் துழாவினார். “அடுத்தது எங்க?”

“மேசைமேல இல்லை, சார்,” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

“திருப்பாதது மேசைமேல ஒண்ணுகூட இல்லை.”

அவர் பெருமூச்சு விட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். பதினொரு பக்கமும் ஒவ்வொன்றாக ஏறின. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று திரையில் வந்தது. கீழே இரண்டு பெயர்கள். அத்தை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். வலிக்கவில்லை.

நான் பையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இப்போ செய்யுங்க, சார்.”

முகவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.