‘கால்’ என்றால் நேற்றா, நாளையா?

அடுத்தவர் விஷயத்தில் இனி மூக்கை நுழைப்பதில்லை என்று பூங்கோதை அன்று காலையில்தான் சபதம் எடுத்திருந்தாள். சாயங்காலம் டாக்குரியா ஸ்டேஷனில் அந்தச் சபதம் காற்றில் பறந்தது.

மழை என்றால் மழை... அப்படி ஒரு மழை. தண்டவாளம் தெரியவில்லை, எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. தமிழ்க் கடையில் வாங்கிய முறுக்குப் பையைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடி வந்து நின்றாள். பீப்... பீப்பீப்... யாரோ பழைய வீடியோ கேம் ஆடுகிறார்கள் போலிருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தாள்.

தூணில் சாய்ந்து ஒருவன் நின்றான். கையில் சாம்பல் நிறக் கேம்பாய் பெட்டி. ஆனால் அவன் விளையாடவில்லை. கட்டைவிரல்கள் பட்டன்களைத் தட்டத் தட்ட, அந்தப் பீப் சத்தங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு மெட்டாகிக்கொண்டிருந்தன. தலை தானாக ஆடுகிற, துள்ளல் மெட்டு.

அட... பாட்டு கட்டுகிறான்!

பூங்கோதை பிழைப்புக்காக வங்காளம் வந்த கோயம்புத்தூர்ப் பெண். செக்டார் ஃபைவில் வேலை, சால்ட் லேக்கில் ஒரு வாடகை அறை. வார நாட்களில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவாள். சனி ஞாயிறு வந்தால் செத்துப்போன பழைய கேம் பெட்டிகளைத் திறந்து உயிர் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் காதில், அந்த மெட்டுக்கு அடியில் ஈ மொய்ப்பது போன்ற ஓர் இரைச்சல் விழுந்தால் சும்மா இருப்பாளா? உள்ளே கெபாசிட்டர் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று தனக்குத் தெரிந்த பெங்காலியில் சொல்லியே விட்டாள்.

அவன் நிமிர்ந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தக் கண்கள்... பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தை மாதிரி முதலில் முழித்து, பிறகு மெல்லச் சிரித்தன. உங்களை யார் கேட்டார்கள் என்று சுத்தமான பெங்காலியில், மரியாதையாகவே கேட்டான். பூங்கோதைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதிலடி கொடுப்பதற்குள் அவன் போன் அடித்தது.

"இல்லம்மா, இங்க பயங்கரமா மழை விழுது. நின்னதும் வரேன்."

அட, தமிழா! பூங்கோதை களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மழை விழாதுங்க. பெய்யும்."

அவன் போனை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "பெங்காலில விழும். எங்க வீட்டு மழை மூணு தலைமுறையா இங்கதான் விழுந்துட்டு இருக்கு."

"விழுந்தா அடிபடுமே."

"அதான் கூரைக்கு அடியில நிக்கறேன்."

சண்டை போட வந்தவள் முறுக்குப் பையைப் பிரித்து நீட்டினாள். அவனும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டான். பெயர் அருள். வீடு டாலிகஞ்ச். அங்கேயே ஒரு சினிமா ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு உதவியாளர். அடுத்த சனிக்கிழமை, டாக்குரியா லேக் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில், பழைய கேம் பெட்டிகளில் இசை செய்கிறவர்கள் எல்லாரும் கூடி வாசிக்கப்போகிறார்கள். அவன் மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. இந்த இரைச்சலோடு எப்படி ஏறுவது? ரிப்பேர் கடைகளில் பெட்டியைப் பார்த்தாலே சிரிக்கிறார்களாம்.

நான் சிரிக்க மாட்டேன், கொடுங்கள், நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று கையை நீட்டினாள் பூங்கோதை. அவன் தயங்கினான். அவளுடைய ரயில் வந்துவிட்டது. அவள் கண்ணில் என்ன கண்டானோ... பெட்டியை அப்படியே அவள் கையில் வைத்துவிட்டான். போன் நம்பரை அவளோடு ஓடிக்கொண்டேதான் சொன்னான்.

பெண்கள் பெட்டியின் வாசலில் நின்றபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பாட்டெல்லாம் உள்ளே செருகியிருக்கும் சின்னக் கேசட்டில் இருக்கிறது. எதற்கும் கேட்டு வைப்போம்...

"பாட்டெல்லாம் காப்பி எடுத்தாச்சா?"

ரயில் நகர்ந்தது. அந்த இரைச்சலில் அவன் பெங்காலியில் ஒரே ஒரு வார்த்தைதான் கத்தினான்.

"கால்..."

நேற்றே எடுத்துவிட்டானாம். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கெபாசிட்டரை மாற்றினாள். இரைச்சல் போயிற்றா என்று பார்க்க அவன் பாட்டைப் போட்டாள். போயிருந்தது. இருந்தாலும் எதற்கும் இன்னொரு தடவை... அப்புறம் சும்மாவே இன்னொரு தடவை. பக்கத்து அறை கல்பனா வந்து, என்னடி இது பீப் பீப் என்று கேட்டுவிட்டுப் போனாள். பூங்கோதைக்கு நிறுத்த மனசில்லை. எவ்வளவு சந்தோஷமான பாட்டு! இதைக் கட்டியவன் சிரித்தால் அப்படித்தானே இருக்கும்...

சரி, இன்னும் ஒரு உபகாரம் செய்வோம் என்று கேசட்டையும் திறந்தாள். அதற்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. பாட்டுகளை அழியாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். பழசாகி, எப்போது வேண்டுமானாலும் சாகிற நிலையில் இருந்தது. மேடையில் செத்தால் என்ன ஆகும்? கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தாள். கழற்றினால் பாட்டெல்லாம் அழியும், அது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன, அவனிடம்தான் காப்பி இருக்கிறதே.

அன்று சாயங்காலமே டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் பெட்டியைக் கொடுத்தாள். அவனுக்குப் பிடித்திருக்க வேண்டுமே என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ஆசையாக வாங்கி ஆன் செய்தான். முகம் வெளுத்தது.

"பாட்டு எங்க?"

"அதான் உங்ககிட்ட காப்பி இருக்கே. நேத்தே எடுத்துட்டேன்னு சொன்னீங்களே."

"நாளைக்கு எடுக்கறேன்னு சொன்னேன்."

பெங்காலியில் நேற்றும் ‘கால்’தான், நாளையும் ‘கால்’தான். பின்னால் வினைச்சொல் வந்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். ரயில் சத்தத்தில் வினைச்சொல்லுக்கு ஏது நேரம்? பெட்டியை வாங்கிக்கொண்டு இன்றைக்குக் காப்பி எடுக்கலாம் என்று அவன் நினைத்திருக்கிறான். அவளோ, தனக்கு எது வசதியோ அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

அந்த நிமிஷமே மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பூங்கோதையின் வாய் சும்மா இருந்தால்தானே... இவ்வளவு நாள் காப்பி எடுக்காமல் யாராவது இருப்பார்களா என்று கேட்டுத் தொலைத்தாள். இரைச்சலைச் சரிசெய்யத்தான் கொடுத்தேன், கேசட்டை யார் திறக்கச் சொன்னது என்று அவன் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. விருட்டென்று திரும்பி நடந்தாள். அழுகையை ரயில் ஏறும்வரை அடக்கிக்கொண்டாள்.

அவன் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அவள் கூப்பிடட்டும் என்று அவன் இருந்திருப்பான். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நாளைக்கு அவன் மேடை ஏற வேண்டும். வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நினைக்க நினைக்கத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அலுவலகத்தில் டீ எடுக்கப் போனவளிடம், பக்கத்து சீட் சாதனா கேட்டாள்.

"தினம் தினம் முணுமுணுக்கறியே, அது எந்தப் படத்துப் பாட்டு?"

பூங்கோதை டீக்கோப்பையோடு அப்படியே நின்றாள். முதல் பீப்பிலிருந்து கடைசிவரை... பாட்டு முழுசும் தனக்குள் இருக்கிறது. அழியவே இல்லை. டீயை அங்கேயே வைத்தாள், அரை நாள் லீவு சொன்னாள், குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். பஸ், மெட்ரோ, ஆட்டோ என்று மாறி டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் போய் இறங்கியபோது தெப்பமாக நனைந்திருந்தாள். ரோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஏதோ புராண சீரியலுக்கு இடைவேளை. கிரீடம் வைத்த எமதர்மன் ஒருவர் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து பெஞ்சில் அருள். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"தப்பு என் பேர்லதான். கேட்டுட்டுத்தான் கேசட்டைத் தொட்டிருக்கணும். ஸாரி." மூச்சு வாங்கியது. "இப்ப ஒண்ணும் பேசாதீங்க. பெட்டியை எடுங்க."

பாட ஆரம்பித்தாள். ஸ்ருதிக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. தாளம் மட்டும் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. பீப்... பீப்பீப்... மேக்கப் போட்டவர்கள், லைட் தூக்குகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எமதர்மன் டீயை மறந்தார். பூங்கோதை காதுமடல் சிவக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள். அருளின் கட்டைவிரல்கள் அவள் பின்னாலேயே ஓடின. முடிந்ததும் கடைசிப் பகுதியை மட்டும் அவன் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான்.

"கடைசியில ஒரு திருப்பம் வந்துச்சே, அது ஏது?"

"உங்க பாட்டுதானே?"

"என் பாட்டு அதுக்கு முன்னாடியே நின்னுடும். எப்படி முடிக்கறதுன்னு தெரியாம விட்டு வச்சிருந்தேன். அது நீங்களா பாடினது."

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் ஈரம் தெரிந்தது. மழைச் சாரலாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை அந்தச் சின்ன ஹால் துள்ளியது. காலேஜ் பிள்ளைகள், குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள் என்று எல்லாரும் குதித்தார்கள். இரைச்சல் துளிகூட இல்லை. கடைசித் திருப்பம் வந்தபோது அவன் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் அவளைத் தேடினான். கண்டுபிடித்தான். பூங்கோதைக்கு அந்த நேரத்தில் ஊர், பேர், எதுவும் நினைவில்லை.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. லேக் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள். கூட நடந்துவந்த அருள் நின்றான்.

"பூங்கோதை... இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வீட்ல சாப்பாட்டைப் பத்தியும் மழையைப் பத்தியும்தான் பேசிப் பழக்கம்."

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

"என் பாட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் மனப்பாடம் பண்ணதில்ல. நான் இனிமே எதையும் காப்பி எடுக்கப்போறதில்ல. நீங்க பக்கத்துல இருந்தா போதும். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"அது முடியாது. காப்பி எடுத்தே ஆகணும். அதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்."

அவன் முகம் வாடியது. பூங்கோதை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பியும் இருக்கட்டும், அருள். நானும் இருக்கேன்."